சீன மருத்துவம் படிக்க விரும்பினால்: எந்த வழி யாருக்கு?

"சீன மருத்துவம் படிக்க வேண்டும், எங்கே சேரலாம்?" என்று கேட்கிறவர்கள் இரண்டு விதம். ஒருவர் ஊசியும் மூலிகையும் கொண்டு நோயாளிகளைப் பார்க்க வேண்டும், அதிலேயே பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறார். இன்னொருவருக்கு யின் யாங், நாடி, பருவத்தோடு உடலைச் சேர்த்துப் பார்க்கும் சிந்தனை இவையெல்லாம் பிடித்துப்போய்விட்டன. அதன் அடி வரை போய்ப் பார்க்க ஆசை. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார்கள், கடைசியில் கண்ணில் பட்ட முதல் விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவராவதற்கான படிப்பும் தத்துவத்தை அறிவதற்கான படிப்பும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது அரிது. உங்களுக்கு எது முதன்மை என்று தீர்மானித்துவிட்டால், கீழே உள்ள ஐந்து வழிகளில் பாதி தானாக விலகிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

சட்டம். படிப்பு முடிந்து நீங்கள் வாழப்போகிற ஊரில் அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. இந்தியாவில் ஆயுஷ் துறையின் கீழ் ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, சோவா ரிக்பா என்ற திபெத்திய மருத்துவம், ஓமியோபதி ஆகியவை வருகின்றன. சீன மூலிகை மருத்துவம் அந்தப் பட்டியலில் இல்லை. அக்குபங்சர் என்ற ஊசி வைத்தியத்துக்கு மட்டும் தனி அங்கீகாரம் உண்டு: மத்திய அரசு 2003இல் அதை ஒரு சிகிச்சை முறையாகவும் 2019இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றுக்கொண்டது. ஆனால் மருத்துவர் பதிவு, கவுன்சில் என்று வரும்போது அதற்கு மாநிலச் சட்டம் வேண்டும். மேற்கு வங்கம் 1996இலேயே அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. மகாராஷ்டிரம் பிறகு கொண்டுவந்தது. ஆக, சீனாவில் முழுப் பட்டம் பெற்றுத் திரும்பும் ஒருவர் தமிழ்நாட்டில் சீன மூலிகை மருத்துவர் என்று பதிவு செய்துகொள்ள இடமில்லை.

நோயாளியோடு கழித்த நேரம். அக்குபங்சர் பயிற்சிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டி, மருத்துவப் பின்னணி இல்லாதவர்களுக்கு 2500 மணி நேரப் பயிற்சியைச் சொல்கிறது. அதில் 1000 மணி நேரம் செய்முறையும் நோயாளிகளைப் பார்ப்பதும். ஏற்கெனவே நவீன மருத்துவம் படித்த டாக்டர் தன் வேலைக்குள் ஓரளவு பயன்படுத்திக்கொள்வதற்குக்கூடக் குறைந்தது 200 மணி நேரம். எந்தப் படிப்பின் விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த மூன்று எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எல்லை தெரிவது. எப்போது தொடக்கூடாது, எப்போது உடனே வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தப் படிப்பு சொல்லித்தருகிறதா? தோள், மார்பு, மேல்முதுகுப் புள்ளிகளில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரல் உறையில் காற்று புகுந்துவிடும். மூலிகையிலும் ஆபத்து உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே பெயர் கொண்ட வேறொன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் அரிஸ்டோலோக்கிக் அமிலம். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அதே குடும்பத்துச் செடிதான், அதே அமிலம் அதிலும் இருக்கிறது. 'இயற்கையானது, அதனால் பக்கவிளைவே இல்லை' என்று முதல் வகுப்பில் சொல்கிற ஆசிரியரிடம் இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டாம்.

மொழி. சீனம் தெரியாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது வழிக்கு வழி மாறும்.

பணமும் வருடங்களும் இயல்பாகவே எல்லோரும் கணக்குப் போடுகிறவை. வெளியே தெரியாத செலவுகளை மட்டும் ஒவ்வொரு வழியிலும் குறிப்பிடுகிறேன்.

## வழி 1: சீனாவிலேயே ஐந்தாண்டுப் பட்டம்

பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு ஆகிய நான்கு ஊர்களில் 1956இல் அரசு சீன மருத்துவக் கல்லூரிகளைத் தொடங்கியது. இப்போது அவை பெரிய பல்கலைக்கழகங்கள், சொந்த மருத்துவமனைகளோடு இருக்கின்றன. இளநிலைப் பட்டம் ஐந்தாண்டு. சீன வழியில் படிக்க எச்.எஸ்.கே. மொழித்தேர்வில் நான்காம் நிலை கேட்பது வழக்கம். அதற்கே ஒரு வருடம் தனியாகப் போய்விடும். சீன அரசின் உதவித்தொகைக்கு வெளிநாட்டு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம்.

இந்த வழியின் பலம் புறநோயாளிப் பிரிவு. மூத்த மருத்துவர் நாடி பிடிக்கிறார், நாக்கைப் பார்க்கிறார், இரண்டு மூன்று கேள்வி கேட்கிறார், மருந்துச்சீட்டைச் சொல்லச் சொல்ல மாணவர் எழுதிக்கொள்கிறார். அதே நோயாளி அடுத்த வாரம் வரும்போது பன்னிரண்டு மூலிகையில் இரண்டு மாறியிருக்கும். ஏன் அந்த இரண்டு மட்டும் மாறின என்று யோசித்து யோசித்துத்தான் இந்த மருத்துவம் கைக்கு வருகிறது. புத்தகத்தில் அது கிடைக்காது, வேறு நாட்டில் இவ்வளவு நோயாளிகளும் கிடைக்க மாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு எதிர்பார்ப்பில் இருக்கிறது. கலப்படமில்லாத பழைய ஞானத்தைத் தேடிப் போகிறவர் அங்கே சி.டி. ஸ்கேனையும் ஆன்டிபயாட்டிக்கையும் பார்த்து அதிர்ச்சியடைகிறார். இன்று சீனாவில் கற்பிக்கப்படும் சீன மருத்துவம் இருபதாம் நூற்றாண்டில் போராடி, ஒழுங்கு செய்யப்பட்டு, பாடநூலாக்கப்பட்ட ஒன்று. 1929இல் மேற்கத்திய மருத்துவம் படித்த யூ யுன்ஷியூ, பழைய மருத்துவத்தை ஒழித்துவிட வேண்டும் என்று அரசிடம் ஒரு திட்டத்தை வைத்தார். அதை எதிர்த்து மார்ச் 17 அன்று நாடெங்கிலுமிருந்து மருத்துவர்கள் ஷாங்காயில் கூடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. பிறகு மாவோ காலத்தில் அரசே அதைக் கையில் எடுத்தது. ஆயிரம் பள்ளிகளாக, குடும்ப ரகசியங்களாக, ஒன்றோடொன்று முரண்பட்ட கருத்துகளாகக் கிடந்தவற்றை 1950களிலும் 60களிலும் ஒரே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். உடற்கூறியலும் நோயியலும் அதில் சேர்ந்தன. நோயாளியைக் காப்பாற்ற இது நல்லதுதான் என்பது என் எண்ணம். ஆனால் தத்துவத்துக்காகவே போகிறவருக்கு அந்தப் பாடநூல்கள் சப்பென்று இருக்கும். பழைய நூல்களுக்குத் தனிப் பாடவேளை உண்டு. ஆனால் அது தேர்வுக்கான பாடம்.

இன்னொரு எச்சரிக்கை. சில இடங்களில் ஆங்கில வழிப் படிப்பும் இருக்கிறது. வகுப்பறையில் ஆங்கிலம் போதும். நோயாளி தன் வயிற்றெரிச்சலை ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார். மொழி தெரியாத மாணவர் மருத்துவமனையில் வேடிக்கை பார்க்கிறவராகத்தான் நிற்க வேண்டியிருக்கும். அப்புறம் இந்த வழியின் முக்கால் பலன் வீண்.

குருவிடம் இருந்து கற்பது என்ற பழைய முறை முற்றிலும் போய்விடவில்லை. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீன மருத்துவச் சட்டம், குருகுல வழியில் கற்றவர்களும் தேர்வு பெற்றுத் தொழில் செய்ய ஒரு கதவைத் திறந்தது. ஆனால் ஒரு குரு வெளிநாட்டு மாணவரை ஏற்க வேண்டுமென்றால் மொழியும் பல வருட நெருக்கமும் வேண்டும். பட்டம் முடித்தபின் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

இந்த வழி யாருக்கு? வயது குறைவாக, மொழி மீது ஆசையோடு, சீன மருத்துவரைப் பதிவு செய்கிற நாடு ஒன்றில் குடியேறும் திட்டத்தோடு இருப்பவருக்கு. ஆஸ்திரேலியாவில் 2012 முதல் தேசியப் பதிவு இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 2013 முதல் இது முறைப்படுத்தப்பட்ட தொழில். அங்கேயெல்லாம் நேரடியாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், தேர்வும் மதிப்பீடும் இருக்கும்; ஆனால் முயன்று பார்க்க ஒரு பாதை இருக்கிறது.

## வழி 2: மலேசியா, சிங்கப்பூர்

அங்கே வாழும் தமிழர்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான். மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் சீன மருத்துவத்தையும் இந்திய மருத்துவத்தையும் மலாய் மருத்துவத்தையும் ஒரே கவுன்சிலின் கீழ் வைத்திருக்கிறது. ஐ.எம்.யூ., யூடார், இன்டி போன்ற பல்கலைக்கழகங்களில் சீன மருத்துவப் பட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு கட்டாயம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024இல் தன் சீன மருத்துவப் பட்டத்தைத் தொடங்கியது.

படிப்பு முடித்ததும் அதே நாட்டில் பதிவு, அதே ஊரில் வேலை என்பது பெரிய வசதி. பாடத்தில் ஆங்கிலம் கலந்திருப்பது இன்னொரு வசதி. இடர்ப்பாடு நோயாளிகளிடம் இருக்கிறது: கிளினிக்குக்கு வரும் முதியவர்கள் மாண்டரின், கான்டனீஸ், ஹொக்கியன் பேசுவார்கள். சீனப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தடையே இல்லை. மற்றவர்கள் சேருவதற்கு முன் மாண்டரின் பேச்சுக்கு ஒரு வருடம் ஒதுக்குவது நல்லது. இந்தியாவிலிருந்து போய்ப் படித்துவிட்டு இந்தியாவுக்கே திரும்புகிறவருக்கு, தொடக்கத்தில் சொன்ன சட்டச் சிக்கல் அப்படியே இருக்கிறது.

## வழி 3: உள்ளூர் அக்குபங்சர் டிப்ளமோ

பெரும்பாலானவர்கள் விசாரிப்பது இதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தியாவுக்கு அக்குபங்சர் வந்த கதை மதிப்புக்குரியது. 1938இல் ஜப்பானியப் படையெடுப்பால் தவித்த சீனாவுக்கு இந்திய மருத்துவக் குழு ஒன்று போனது. அதில் போன மருத்துவர் கோட்னிஸ் 1942இல் அங்கேயே உயிர்விட்டார். அதே குழுவில் இருந்த பிஜோய் குமார் பாசு 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்று, கல்கத்தாவில் சிகிச்சை தொடங்கினார். முழு மருத்துவப் படிப்பு முடித்த ஒருவர், அதற்கு மேல் இதைக் கற்றார் என்பதைக் கவனியுங்கள்.

இன்று தமிழ்நாட்டில் நடப்பது பெரும்பாலும் வேறு. வார இறுதி வகுப்பு, ஆறு மாதம் அல்லது ஒரு வருடம், முடிவில் ஒரு சான்றிதழ். பல பள்ளிகளில் ஊசியே கிடையாது. நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொடுவதோடு சரி. தொடுவதால் நேரடி ஆபத்து குறைவு, அது உண்மை. வகுப்புக்கு வருகிறவர்களின் அக்கறையும் உண்மையானது; பலர் வீட்டில் ஒருவரின் நீண்ட நோயைப் பார்த்துத் தளர்ந்துபோய் வந்தவர்கள். அவர்களை மதித்தே இதைச் சொல்கிறேன்: அந்தச் சான்றிதழ் உங்களை டாக்டர் ஆக்காது. 2500 மணி நேரத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது.

தத்துவத்துக்காகச் சேர்கிறவருக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. சீன மருத்துவத்தின் ஐந்து: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம் ஊர் வகுப்புகள் பலவற்றில் இதைப் பஞ்சபூதம் என்றே சொல்லி, உலோகத்தை எடுத்துவிட்டுக் காற்றை வைத்துவிடுகிறார்கள். பழக்கப்பட்ட பெயர்கள் என்பதால் மனசுக்கு எளிதாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு சிந்தனை. பஞ்சபூதம், உடலும் உலகமும் எவற்றால் ஆனவை என்று சொல்கிறது. சீனத்து ஐந்து, ஒன்று இன்னொன்றை எப்படி வளர்க்கிறது, எப்படி அடக்குகிறது என்று சொல்கிறது. மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு மண்ணை. உலோகம் மரத்தை வெட்டும், நீர் நெருப்பை அணைக்கும். வசந்தத்தில் தொடங்கிக் குளிர்காலத்தில் முடியும் ஒரு சுழற்சி அது. உலோகத்தை எடுத்துவிட்டால் மரத்தை அடக்க ஆளில்லை, இலையுதிர்காலத்துக்கும் இடமில்லை; அமைப்பே குலைந்துவிடுகிறது. இதைச் சொல்லித்தராத வகுப்பில் தத்துவம் இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் ஆய்வுகள். 2007இல் வெளியான ஒரு பெரிய ஜெர்மன் ஆய்வில் நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 1162 பேர் கலந்துகொண்டார்கள். முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கு நல்ல முன்னேற்றம். புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காடுதான். ஊசி வைத்தியம் வலிக்கு உதவியிருக்கிறது; ஆனால் எந்தப் புள்ளி என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 361 புள்ளிகள் உடலில் எங்கெங்கே இருக்கின்றன என்று தரப்படுத்தி வகுத்திருக்கிறது, மாணவர் அவற்றை மனப்பாடம் செய்கிறார். இந்த ஆய்வின் முன் அந்த மனப்பாடத்துக்கு என்ன பொருள்? நல்ல ஆசிரியர் இந்தக் கேள்வியை வகுப்பில் வைத்து விவாதிப்பார். 'அதெல்லாம் மருந்துக் கம்பெனிச் சதி' என்று தள்ளிவிடுகிற இடத்தில் மருத்துவமும் இல்லை, தத்துவமும் இல்லை.

மிகக் கனமான மறைமுகச் செலவு பொறுப்பு. சர்க்கரை மாத்திரையை, இன்சுலினை, ரத்த அழுத்த மருந்தை, தடுப்பூசியை நிறுத்தச் சொல்லும் போதனை சில வட்டங்களில் சிகிச்சையின் பகுதியாகவே வருகிறது. பழைய சீன நூல் எதுவும் இன்சுலினை நிறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டு ஒருவர் நிறுத்திவிட்டு மயங்கி விழுந்தால், அந்தச் சுமை சாகும்வரை உங்களோடு வரும்.

நல்ல டிப்ளமோ இல்லாமல் இல்லை. ஏற்கெனவே மருத்துவம், பிசியோதெரபி, நர்சிங், இயற்கை மருத்துவம் படித்தவர்கள் வலிச் சிகிச்சைக்கு இன்னொரு கருவியாக இதைச் சேர்த்துக்கொள்வது முற்றிலும் சரி. அவர்களுக்கு உடற்கூறியல் தெரியும், கிருமிநீக்கம் தெரியும், எல்லையும் தெரியும்.

சோங் வம்சத்து அரசவையில் வாங் வெய்யி என்ற மருத்துவர் 1027இல் ஆளுயர வெண்கல உருவங்கள் செய்தார். புள்ளி இருக்கும் இடங்களில் துளை. தேர்வின்போது மேலே மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்புவார்களாம். மாணவர் சரியான இடத்தில் குத்தினால்தான் நீர் கசியும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செய்முறைத் தேர்வுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். நீங்கள் சேரப்போகும் இடத்தில் செய்முறைத் தேர்வு எப்படி நடக்கிறது என்று கேட்பதில் தப்பே இல்லை.

## வழி 4: முதலில் உள்ளூர் மருத்துவப் பட்டம், பிறகு சீனம்

தமிழ்நாட்டில் இருந்துகொண்டே மருத்துவராக விரும்புகிறவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு, நீட் தேர்வு வேண்டும். பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன, மேற்படிப்புக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். இலங்கையில் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவப் பட்டம் படிக்கலாம். பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை, யோகா மருத்துவப் பட்டத்தின் பாடத்திட்டத்திலேயே அக்குபங்சர் இருக்கிறது.

இதில் கிடைப்பது சட்ட உரிமை, வார்டில் நோயாளிகள், நவீன நோயறிதலில் அடிப்படை. அதன்மேல் சீனத்தைக் கற்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒரு முழு மருத்துவமுறை இருக்கும். உதாரணத்துக்கு நாடி. சித்தத்தில் மூன்று விரல்களின் கீழ் வளி (வாதம்), அழல் (பித்தம்), ஐயம் (கபம்) என்று பார்க்கிறோம். சீனத்திலும் மூன்று விரல்தான், ஆனால் ஒவ்வொரு விரலின் கீழும், இடது கைக்கும் வலது கைக்கும் தனித்தனியாக, உறுப்புகளைப் பார்க்கிறார்கள். அழுத்தும் ஆழமும் கணக்கில் வரும். மூன்றாம் நூற்றாண்டில் வாங் ஷுஹே எழுதிய நாடி நூல் 24 வகை நாடித் துடிப்புகளைப் பிரித்துச் சொல்கிறது. ஒரே மணிக்கட்டில் இரண்டு மரபுகள் இரண்டு விதமான செய்திகளைப் படிக்கின்றன. இரண்டையும் கற்றவருக்கு எழும் கேள்விகள் ஒன்றை மட்டும் கற்றவருக்கு எழாது.

இந்த வரிசையில் படித்தவர்களில் உலகம் அறிந்த ஒருவர் தூ யூயூ. 1955இல் பெய்ஜிங்கில் நவீன மருந்தியல் பட்டம் முடித்தார். அதற்குப் பிறகுதான், 1959 முதல் 1962 வரை, நவீன மருத்துவம் கற்றவர்களுக்கான முழுநேரச் சீன மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். மலேரியா மருந்து தேடும் பணி வந்தபோது, நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய குறிப்பு ஒன்று அவர் கண்ணில் பட்டது: ஒரு பிடி சிங்ஹாவ் செடியை நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடி. கொதிக்க வைக்கச் சொல்லவில்லையே என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு பிரித்தெடுத்தார். 1971இல் கிடைத்த அந்தச் சாறு ஆர்டிமிசினின் மருந்துக்கு வழி திறந்தது, 2015இல் நோபல் பரிசு. பழைய நூலைப் படிக்கத் தெரிந்ததும் சோதனைக்கூடத்தில் வேலை செய்யத் தெரிந்ததும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பு.

செலவு? வருடங்கள். பட்டத்துக்கு ஐந்தரை, அதற்கு மேல் சீனமும் பயிற்சியும். சீன மருத்துவத்தை மட்டுமே விரும்புகிறவருக்கு இடையில் பொறுமை போய்விடும். சித்தத்தை வெறும் படிக்கல்லாக நினைத்துச் சேர்வதும் அந்த மரபுக்குச் செய்யும் அநியாயம். அதை அதற்காகவே விரும்ப முடிந்தால் மட்டும் சேருங்கள்.

## வழி 5: நூல்வழியில் தத்துவமும் வரலாறும்

சிகிச்சை செய்யும் எண்ணம் இல்லாதவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இருந்தும் இதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் இதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை.

மூல நூல் ஹுவாங்தி நெய்ஜிங். மஞ்சள் பேரரசர் கேட்க, சீபோ முதலானவர்கள் பதில் சொல்லும் உரையாடல். ஸுவென், லிங்ஷு என்று இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 81 அத்தியாயம். பல கைகள் பல காலத்தில் எழுதியது, அதனால் உள்ளேயே முரண்பாடுகள் உண்டு. படிக்கும்போது அந்த முரண்பாடுகள்தான் சுவை. ஸுவெனின் இரண்டாம் அத்தியாயத்தில் பருவத்துக்கு ஏற்ப உறங்கி எழுவது பற்றிச் சொல்லிவிட்டு, நோய் வந்தபின் மருந்து தேடுவது தாகம் எடுத்தபின் கிணறு தோண்டுவது போல என்று முடிக்கிறார்கள். உடலைப் பற்றிப் பேசுவதாகத் தொடங்கி அரசாட்சிக்குப் போய்விடுகிறது பேச்சு. இதயம் அரசன், நுரையீரல் அமைச்சன், கல்லீரல் படைத்தலைவன். நூல் உருவான காலத்து ஹான் பேரரசு தன்னைத்தானே எப்படிப் பார்த்ததோ அப்படியே உடலையும் பார்த்திருக்கிறது. ஒரு மருத்துவமுறை பிறந்த சமுதாயத்தை அதன் உடல் வரைபடத்தில் காணலாம் என்பது எனக்கு இந்த நூல் தந்த பெரிய பாடம்.

இதற்கு எதிர்முனையில், ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் காய்ச்சல் நோய்களைப் பற்றி எழுதிய ஷாங்ஹான் லுன். ஹான் வம்சம் சிதைந்துகொண்டிருந்த காலம். அவர் பெயரில் உள்ள முன்னுரை, இருநூறு பேருக்கு மேல் இருந்த தன் குலத்தில் கி.பி. 196க்குப் பிறகான பத்தாண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்ததாகவும், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் காய்ச்சலுக்குப் பலியானதாகவும் சொல்கிறது. அந்தத் துக்கத்தில் எழுந்த நூலில் அண்டவியல் பேச்சு குறைவு. இந்தக் குறி இருந்தால் இந்தக் கஷாயம், அது மாறினால் இது என்று கறாராகப் போகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், 'சீன மருத்துவத் தத்துவம்' என்று ஒற்றையாக ஒன்று இருந்ததில்லை என்பது புரியும்.

அகழாய்வு இன்னும் சுவாரஸ்யம். ஹுனான் மாகாணத்து மாவாங்துய்யில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973இல் திறந்தார்கள். உள்ளே பட்டில் எழுதிய மருத்துவச் சுவடிகள். அவற்றில் உடலில் ஓடும் நாளங்கள் பதினொன்றுதான், பன்னிரண்டு இல்லை. புள்ளிகளும் இல்லை, ஊசியும் இல்லை. சூடு போடுவது வருகிறது. ஆக, இன்று வரைபடத்தில் பார்க்கும் பன்னிரண்டு நாளங்கள் படிப்படியாக உருவான கோட்பாடு. ஐயாயிரம் ஆண்டாக மாறாத ஞானம் என்ற பேச்சை அந்தப் பட்டுத் துண்டுகளே மறுக்கின்றன. எனக்கு இது மரபின் மீதான மரியாதையைக் கூட்டுகிறது: மனிதர்கள் பார்த்து, யோசித்து, திருத்தித் திருத்திக் கட்டியது என்று தெரிகிறதே.

போகர் சீனாவிலிருந்து வந்தார் அல்லது சீனாவுக்குப் போனார் என்ற மரபுக் கதை நம்மிடம் உண்டு. பழனியோடு சேர்ந்த கதை. அதை நம்பிக்கை மரபாகப் போற்றலாம். 'அக்குபங்சரே தமிழரிடமிருந்து போனதுதான்' என்று அதை வரலாறாக்கி நிறுத்தும் வகுப்புகளில் மட்டும் கவனமாக இருங்கள்.

இந்த வழியின் செலவு மொழியும் தனிமையும். ஆங்கில மொழிபெயர்ப்புகளோடு தொடங்கலாம், அதுவே இரண்டு வருட வேலை. ஆழமாகப் போக வேண்டுமானால் நவீன சீனமும் அதன்மேல் பழஞ்சீனமும் வேண்டும். முறைப்படி கற்க சாந்திநிகேதனில் 1937இல் தொடங்கிய சீனா பவனமும் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சீன மொழித் துறையும் இருக்கின்றன. சுற்றியிருப்பவர்கள் 'இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?' என்று கேட்பார்கள். சிந்தனை வரலாற்றைப் படிக்கிறேன் என்று நிம்மதியாகச் சொல்லலாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | காலம் | சீன மொழி | தொழில் உரிமை | தத்துவம் |
|---|---|---|---|---|
| சீனாவில் பட்டம் | 5 ஆண்டு, மொழிக்கு 1 | கட்டாயம் | இந்தியாவில் சீன மூலிகைக்கு இல்லை. சில நாடுகளில் தேர்வெழுதி | பாடநூல் அளவில் |
| மலேசியா, சிங்கப்பூர் | 4 முதல் 5 ஆண்டு வரை | நோயாளிகளுக்காகத் தேவை | அந்தந்த நாட்டில் உண்டு | பாடநூல் அளவில் |
| உள்ளூர் டிப்ளமோ | 6 மாதம் முதல் | வேண்டாம் | மாநிலத்துக்கு மாநிலம் மாறும் | பெரும்பாலும் மேலோட்டம் |
| உள்ளூர்ப் பட்டம், பிறகு சீனம் | 5½ ஆண்டு, அதற்கு மேலும் | பிறகு | உங்கள் பட்டத்துக்கு உண்டு | ஒப்பீட்டால் ஆழம் |
| நூல்வழி | உங்கள் விருப்பம் | ஆழத்துக்கு ஏற்ப | இல்லை | மிக ஆழம் |

## சில குறிப்பிட்ட நிலைமைகளுக்கு

பிளஸ் டூ முடித்த பிள்ளை, தமிழ்நாட்டிலேயே இருக்கப் போகிறார் என்றால் வழி 4. மாண்டரின் பேசும் மலேசியப் பிள்ளை என்றால் யோசிக்காமல் வழி 2. ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ வேரூன்றிவிட்ட குடும்பம் என்றால், அந்த நாட்டுப் பதிவு வாரியம் ஏற்கும் படிப்புகளின் பட்டியலை முதலில் பார்த்துவிட்டு, உள்ளூர்ப் படிப்பா சீனாவா என்று முடிவெடுங்கள். பிசியோதெரபிஸ்ட், நர்ஸ், டாக்டர் என்றால் மணி நேரக் கணக்கைச் சரிபார்த்து ஒரு நல்ல அக்குபங்சர் பயிற்சி போதும்.

வேலையில் இருக்கிறார், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, தத்துவத்தின் மீது ஆசை என்பவர்தான் வழி 3இல் அதிகம் போய் மாட்டிக்கொள்கிறவர். அவருக்கு என் பதில் வழி 5. டிப்ளமோவுக்குக் கட்டும் பணத்தில் நல்ல மொழிபெயர்ப்புகளும் ஒரு வருட மாண்டரின் வகுப்பும் வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வகுப்பில்தான் சேர வேண்டும் என்று தோன்றினால், பணம் கட்டும் முன் அலுவலகத்தில் இவற்றைக் கேளுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் நோயாளிகளோடு எத்தனை? உடற்கூறியல் எடுப்பவர் என்ன படித்தவர்? ஊசி ஒருமுறை பயன்படுத்தி எறிவதுதானா? இந்தச் சான்றிதழை வைத்து எந்த மாநிலத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம்? மார்பு வலியோடு ஒருவர் வந்தால் மாணவருக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள்? பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித்தர மறுக்கிற இடத்தில் சேராதீர்கள்.